மேட்டில் தானாக நின்ற கார்

போன மாதம் மகன் புதுக் கார் ஒன்று வாங்கினான். எனக்குக் காட்டுவதற்கென்று ஏற்றிக்கொண்டு போய், ஒரு மேட்டின் நடுவில் நிறுத்தினான். "அம்மா, இஞ்ச பாருங்கோ. பிரேக்கில கால் இல்லை. கார் பின்னுக்குப் போகுதோ?" என்று கேட்டான். போகவில்லை. அப்படியே நின்றது. கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிறதாம். அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும், காரைத் தானே பெற்றெடுத்த மாதிரி ஒரு பெருமை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதையெல்லாம் நான் எழுபதுகளிலேயே ஓட்டி முடித்துவிட்டேன், கம்ப்யூட்டர் இல்லாமல். இவன் அப்போது பின் சீற்றில் பிஸ்கட் தூளைக் கொட்டிக்கொண்டு இருந்தவன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாமல் கொஞ்சம் சீவிச் சிங்காரித்து எழுதுகிறாள் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

எங்களுடையது அமெரிக்கக் கார். பெயரைச் சொல்ல மாட்டேன், முன்னால் ஒட்டியிருந்த எழுத்துக்களை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. ஆனால் அவற்றைத் துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு எழுத்தின் வளைவும் விரலுக்குத் தெரியும். முதல் எழுத்து பாம்பு மாதிரி. அதன் இடுக்கில்தான் எப்போதும் அழுக்குச் சேரும். நிறம் பழுக்காத எலுமிச்சையின், எங்கள் பேச்சில் தேசிக்காயின், பச்சை. முன் சீற்று நீளமாக, வாங்கு மாதிரி இருக்கும். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியர்க் கம்பு தரையில் இல்லை, ஸ்டியரிங்கோடு ஒட்டி நிற்கும்.

இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அந்தக் கம்பனியின் கதை முழுக்கப் பாடம். வீட்டுக்கு ஆர் வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் தொடங்கிவிடுவார். அந்தக் கம்பனியை நடத்தியவர்கள் முதலில் கொல்லர்களாம். அண்ணன் தம்பிமார். குதிரைக்கு லாடம் அடித்து, பிறகு வண்டி செய்து, அமெரிக்காவின் மேற்குப் பக்கம் போய்க் குடியேறிய சனம் அவர்களுடைய வண்டிகளில்தான் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு போனதாம். குதிரைக்குப் பிறகு பெட்ரோல் வந்ததும் கார் செய்யத் தொடங்கினார்களாம். இந்த ஊருக்கு அவை முழுக் காராக வரவில்லை. துண்டு துண்டாகப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் வந்து, மெல்பனில் வைத்து ஒன்றாகப் பொருத்திப் பூட்டினார்கள். இங்கே பொலிஸ்காரர்களும் அவற்றை ஓட்டினார்கள். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, நாங்கள் வாங்கும்போதே அமெரிக்காவில் அந்தக் கம்பனி கார் செய்வதை நிறுத்திவிட்டது என்று சொல்வார். ஆரோ சொந்தக்காரர் செத்த செய்தி மாதிரிச் சொல்வார். நான் அந்தக் காரைத் தாயில்லாப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது நாங்கள் கிளேட்டன் பக்கம் இருந்தோம். இவருக்குப் பல்கலைக்கழகப் பட்டறையில் கடைசல் வேலை. சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பம் என்று சொல்ல எங்களை விட்டால் ஒன்றிரண்டு. பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கத்து அம்மா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். புருஷன் செத்த பிறகு தானே வான் வண்டி ஓட்டி மரக்கறி விற்றவர். கறுப்புச் சட்டை, கறுப்புத் துணி, குரல் மட்டும் பெரிய கோயில் மணி. அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். எனக்கும் கொஞ்சம்தான். அவருடைய கொஞ்சமும் என்னுடைய கொஞ்சமும் ஒன்றல்ல. ஆனாலும் வேலிக்கு மேலால் மணிக்கணக்காகக் கதைப்போம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவருடைய தேசிமரம் நின்றது. மஞ்சள் மஞ்சளாக, கோழி முட்டை அளவில் காய்க்கும். பாதிக் காய் எங்கள் பக்கம் விழும்.

பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரரிடம் கார் வாங்கிய அன்று நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். முன்னுக்கு எடுங்கோ என்று இவரிடம் சொன்னேன். புது வாகனம் முதலில் முன்னுக்குத்தான் போக வேண்டும். எந்தக் காரியத்தையும் பின்னுக்குப் போய்த் தொடங்கக் கூடாது. கார் எங்கள் வாசலில் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்னுக்கு ஒரு சாண்தான் இடம். அந்த ஒரு சாண் போனார், காய் நசிந்தது, பிறகு பின்னுக்கு எடுத்தார். கிரேக்கத்து அம்மா வேலியில் நின்று பார்த்தார். தான் ஜூஸ் போடத் தந்த பழத்தைக் காரால் நசிக்கிறார்களே என்று அவருக்கு ஒரே திகைப்பு. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், கண்ணூறு படாமலிருக்க ஒரு நீலக் கண் மணியைக் கொண்டுவந்து காருக்குள் கண்ணாடியில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் விளக்கம் தேவைப்படவில்லை.

இனித்தான் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இவர் அப்படியே விழுந்தார். கை கால் இழுத்தது. இரண்டு நிமிஷம்தான். எழும்பியதும் கோப்பை உடைந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டொக்டர் சோதித்துவிட்டு மருந்து கொடுத்தார். கூடவே, இனி இரண்டு வருஷம் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் நிற்கக் கூடாதாம். பட்டறைக்காரர்கள் நல்லவர்கள், சாமான் அறையில் வேலை கொடுத்தார்கள். காரைத்தான் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது வாசலில் நின்றது.

அது நிற்க, எனக்கு நிலைகொள்ளவில்லை. நான் ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாததே நல்லது, ஒரு வாங்கில் முழு நாள் இருந்திருக்க மாட்டேன். இவர் காலையில் பஸ்ஸுக்குப் போவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். நான் பாத்திரம் கழுவி, கழுவியதையே திரும்பவும் கழுவி, யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பேன். பஸ்ஸில் போகலாம்தானே என்பீர்கள். பஸ் நெற்றியில் எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. ஒருமுறை சந்தைக்கென்று ஏறி, எங்கேயோ கடலைப் போய்ப் பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்தேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெண்டிக்காய் வாங்கவில்லை. காரில் என்றால் வழி எனக்குத் தெரியும். வெள்ளைக் கோபுரத் தேவாலயத்தில் இடது பக்கம், சிவப்புப் பெட்ரோல் பம்பில் வலது பக்கம், கூரையில் கோழிப் படம் போட்ட கடையில் நேரே. இவரோடு போகும்போது வழி சொல்வதே நான்தான். வாசிக்கிறவர்கள் பலகையைப் பார்க்கிறார்கள், ஊரைப் பார்ப்பதில்லை.

மூன்று மாதம் போனதும் இவர் காரை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்க வருபவர் ஒரு வெள்ளைக்காரர். அவரிடம் இதே கம்பனிக் கார் ஏற்கெனவே மூன்று நிற்கிறதாம். எங்களுடையதைப் பிரித்து, அந்த மூன்றுக்கும் துண்டு துண்டாகப் பூட்டப் போகிறாராம். புதுச் சாமான் கிடைக்காத கார் அல்லவா. பெட்டியில் துண்டாக வந்தது, துண்டாகவே போகட்டுமா. எனக்கு அன்றிரவுச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் நான் கார் ஓடப் பழகப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைக்கவில்லை.

"வாசிக்கத் தெரியாத ஆளுக்கு லைசென்ஸ் குடுப்பாங்களோ?"

"கேள்வியை வாயாலதானே கேக்கிறாங்கள். வாயாலதானே நானும் சொல்லப் போறன்."

அப்போது பேப்பரை வைத்தார்.  அந்த வெள்ளைக்காரரை ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், கழித்து ஒரு சனிக்கிழமை வரச் சொல்வதாகச் சொன்னார். "அதுக்குள்ள லைசென்ஸ் எடுத்தீரெண்டால் காரை வைச்சிரும். எடுக்காட்டில் பிறகு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். முகத்தைத் தூக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் யோசித்தேன்.

பழக்கியது கிரேக்கத்து அம்மா. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும், அவர்தான் இருந்தார். வான் வேலை முடித்து மத்தியானம் வருவார். வந்த முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பைக் கழற்றிக் கார்க் கதவுக்கு வெளியே ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினேன். வீட்டுக்குள் போகும்போது கழற்றுவோமே, அந்தப் பழக்கம். அரை மணித்தியாலம் ஓடிவிட்டு ஒரு கடை வாசலில் இறங்கினால் காலில் ஒன்றுமில்லை, செருப்பு வீட்டு வாசலில் காவல் நிற்கிறது. அந்த அம்மா நடைபாதையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஆனால் வெறுங்காலில்தான் கிளச் எனக்கு விளங்கியது. உள்ளங்காலால் கேட்கலாம், எந்த இடத்தில் எஞ்சின் பிடிக்கிறது என்று. அதனால் பிறகும் செருப்பைக் கழற்றிவிட்டே ஓட்டினேன்.

அவருடைய பாடம் மூன்று சொல்தான். "ஸ்லோ", "கோ", மூன்றாவது கிரேக்கத்தில் ஏதோ ஒன்று. நான் வேகமாகத் திருப்பினால் அந்த மூன்றாவது வரும். அதன் கருத்தை இன்றுவரை நான் ஆரிடமும் கேட்கவில்லை.

கிளேட்டன் தட்டையான இடம். மேட்டுக்கு வடக்குப் பக்கம் கொஞ்சத் தூரம் போக வேண்டும். ஒரு நாள் அங்கே கூட்டிப் போனார். நல்ல ஏற்றம், சைக்கிள்காரர் இறங்கித் தள்ளுகிற ஏற்றம். நடுவில் நிறுத்தச் சொன்னார். பிரேக்கை அமத்தினேன், கிளச்சை அமத்தினேன், கார் நின்றது. பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், கிளச்சில் கால் இருந்தது, கார் அசையவில்லை. பெட்ரோலை அமத்திக் கிளச்சை விட்டேன், ஏறியது. இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு. அந்த அம்மாவோ மார்பில் சிலுவை போட்டார். திரும்பவும் செய்யச் சொன்னார். திரும்பவும் நின்றது. நீல மணியைத் தொட்டு முத்தம் கொடுத்தார். நான் மனதுக்குள் தேசிக்காய்க்கு நன்றி சொன்னேன். எனக்கு என் காலில் ஒரு மதிப்பே வந்துவிட்டது. இவ்வளவு மெல்லமாக மேட்டில் காரைப் பிடித்து வைக்கிற கால்.

அடுத்த கிழமை எங்கள் காரில் பெட்ரோல் இல்லை. அவருடைய வானில் போனோம், மேட்டில் நானே ஓட்டினேன். நடுவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வான் பின்னுக்கு ஓடியது. பின்னால் விற்க வைத்திருந்த கோவா, முட்டைக்கோசு, எல்லாம் உருண்டு கதவில் மோதுகிற சத்தம். அம்மா எட்டிக் கை பிரேக்கை இழுத்தார். எனக்கு அவரை நினைத்துப் பாவமாகப் போய்விட்டது. இந்த வானில் ஏதோ கோளாறு, இதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை வருஷம் சீவித்தார் என்று. அவரோ கை பிரேக்கை இழுத்து, கிளச்சைப் பாதி விட்டு, எஞ்சின் குனிகிற சத்தம் கேட்டதும் கை பிரேக்கை விட்டு, எனக்கு மூன்று தரம் செய்து காட்டினார். நானும் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டு இருந்தேன், சுகமில்லாத வானுக்கு இதுதான் வைத்தியம்போல என்று. வீட்டுக்கு வந்து நாலு தேசிக்காயை எடுத்து அவருடைய வானுக்கும் வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

இவரிடம் அதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு வான் மேட்டில் நிற்குதில்லை, நீங்கள் ஒருக்கால் திறந்து பாருங்கோ என்றேன். இவருடைய வாய் கோணியது. சிரிப்போ என்னவோ. "பாப்பம்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பின்னேரம் சாப்பாடு முடிந்ததும் வீதிச் சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று வாசிப்பார். நான் கேட்டுக் கேட்டு மனனம் செய்தேன். தேவாரம் பாடமாக்கிய காது. எட்டு மூலைப் பலகை என்றால் நிற்க வேண்டும், மூன்று மூலை என்றால் விட்டுக் கொடுக்க வேண்டும். எழுத்து எதற்கு? விற்கப் போகிறேன் என்று சொன்ன மனுஷன்தான் இப்படி இருந்து வாசித்தார்.

முதல் சோதனை நாலாவது கிழமை. பொலிஸ் நிலையத்துப் பின்முற்றத்தில் கார் நின்றது. முன்னால் தாழ்வான ஒரு மரவேலி. சோதிக்க வந்த பொலிஸ்காரர் சின்ன வயது, சிவந்த காது. கேள்வியெல்லாம் சரியாகச் சொன்னேன். பிறகு காரில் ஏறினார், பின்னுக்கு எடுக்கச் சொன்னார். என் கை கியரில் நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய காரியத்தைப் பின்னுக்குப் போயா தொடங்குவது? ஒரு சாண் முன்னுக்குப் போய்விட்டுப் பிறகு எடுப்போம் என்று நினைத்தேன். முன்னுக்கு விட்டேன். ஒரு சாண் இல்லை அங்கே. டொக் என்று ஒரு சத்தம், வேலிக் கட்டை ஒன்று சரிந்தது. அவர் தாளில் ஏதோ எழுதினார், இறங்கிப் போனார். முற்றத்தை விட்டு வெளியே வராமலே சோதனை முடிந்தது. என் செருப்பு இரண்டும் கதவடியில் அப்படியே இருந்தன, அவற்றைப் போட்டுக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

அடுத்த தவணை ஆறாவது கிழமை, வெள்ளிக்கிழமை. வெள்ளைக்காரர் வருவது சனிக்கிழமை. நடுவிலிருந்த நாட்களில் நான் வீட்டில் நடந்த நடையை நீட்டி வைத்தால் சிட்னிக்குப் போயிருக்கும். ஒரு நாள் இவர் வாசலில் நின்று காரின் முன்பக்கத்துக் கீறலைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததைக் கண்டதும், தோட்டத்துக்குத் தண்ணீர் விட வந்தவர் மாதிரிக் குழாயை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை, கிரேக்கத்து அம்மாவிடம் காரை முற்றத்தில் பின்பக்கமாகக் கொண்டுபோய் விடச் சொன்னேன். முகம் வெளியே பார்த்தபடி. இனி முன்னுக்குத்தான் போக முடியும். முன் சில்லுகளுக்கு இரண்டு தேசிக்காய். செருப்பைக் கழற்றி வைத்தேன். வந்தவர் வேறொருவர், நரைத்த மீசை, கனத்த ஆள். ஏறும்போது காயைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெல்ட்டைப் போட்டார்.

காய் நசிந்த சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வீதி, சந்தி, எட்டு மூலைப் பலகை, எல்லாம் நல்லபடி. பிறகு அதே மேட்டுக்குப் போகச் சொன்னார். நடுவில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். காலை எடுத்தேன். கார் நின்றது. புறப்பட ஆயத்தமானேன், அவர் கையை நீட்டி மறித்தார். கீழே குனிந்து என் காலைப் பார்த்தார்.

பிறகு டாஷ் பலகையை மெல்லத் தட்டினார், பழைய மாட்டைத் தட்டுகிற மாதிரி. தானும் இதே கம்பனிக் காரில்தான் பல வருஷம் ரோந்து போனதாகச் சொன்னார். அப்புறம் சொன்னார், மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக: இப்போது காரைப் பிடித்துக்கொண்டிருப்பது நீ இல்லை, கார்தான். மேட்டில் நிறுத்திக் கிளச்சை அமத்தினால் பிரேக்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிற ஒரு கருவி இதற்குள் இருக்கிறது. மற்றக் கார்களில் அது இல்லை. நான் உனக்குத் தருகிற லைசென்ஸ் இந்தக் காருக்கு மட்டும் இல்லை, எல்லாக் காருக்கும். அதனால் கை பிரேக்கால் செய்து காட்டு.

 இத்தனை கிழமையாக நான் மெச்சிய கால். மேட்டுக்கு மேடு பெருமைப்பட்ட கால். அது ஒன்றுமே செய்யவில்லை. கோளாறு வானில் இல்லை. பாவம் அந்த அம்மா, நான் அவருடைய வானுக்குத் தேசிக்காய் வைத்தேனே. நாளைக்கு அந்த வெள்ளைக்காரர் வருவார், எஞ்சினைத் தனியாக, கதவைத் தனியாகத் தூக்குவார். இந்தக் கருவியையும் கழற்றுவார். நான் திரும்ப யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பேன்.

அந்த யன்னலை நினைத்ததுதான், கை எழும்பியது. வானுக்கு அம்மா செய்த வைத்தியம் கண்ணுக்குள் வந்தது, மரியாதைக்குப் பார்த்த அந்த மூன்று தரமும். திரும்பப் பிரேக்கை அமத்தி, கியரை நடுவில் விட்டேன், கிளச்சை விட்டேன், பலகைக்குக் கீழே இருந்த கை பிரேக்கை இழுத்தேன். காலை எடுத்தேன். இனி கருவி இல்லை, என் கைதான். கிளச்சை அமத்திக் கியரைப் போட்டு, பெட்ரோலை அமத்தி, உள்ளங்காலால் தேடினேன். எஞ்சின் சத்தம் குனிந்தது. கையை விட்டேன். கார் பின்னுக்கு அசைந்தது. ஒரு தேசிக்காய் அளவுதான் இருக்கும். பிறகு ஏறியது.

அவர் உச்சியில் நிறுத்தச் சொல்லி, தாளில் எழுதினார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் தாளை நீட்டாமல் கையை நீட்டினார். குலுக்கினேன். முற்றத்துக்கு வந்தபோது கிரேக்கத்து அம்மா என் செருப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், காவலுக்கு.

சனிக்கிழமை வெள்ளைக்காரர் தன் லொறியோடு வந்து வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். இவர் போய் விஷயத்தைச் சொன்னார். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். ஒருமுறை பொனட்டைத் திறந்து பார்க்கலாமா என்றுதான் கேட்டார். திறந்தார்கள். இரண்டு ஆம்பிளைகளும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, கொல்லர் அண்ணன் தம்பி கதை முழுவதையும் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்தார்கள். இரண்டு பேருக்கும் கதை தெரியும், ஆனாலும் சொன்னார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை. போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஹோர்னை அடித்தேன். ஏதாவது சாமான் வேண்டுமென்றால் தன்னிடம் வரச் சொல்லிவிட்டு அவர் லொறியைப் பின்னுக்கு எடுத்தார். பிறகு பல தரம் அவரிடம் போயிருக்கிறோம்.

இவர் ஏறினார், என் இடது பக்கம், முதல்முறையாக. பின்னால் பிள்ளைகளும் கிரேக்கத்து அம்மாவும், அவர் மடியில் ஒரு பை தேசிக்காய். கடல் பக்கம் போகலாம் என்றேன், பஸ் என்னைத் தவறிக் கொண்டுபோய் விட்ட அந்தக் கடல். வழியெல்லாம் இவருடைய கால் தரையை அமத்திக்கொண்டே வந்தது, அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்று பலமுறை சொன்னேன். ஒரு சின்ன மேட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். கார் தானாகப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் கேட்டேன்.

"இது தானாப் பிடிக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கண்ணாடியில் ஆடின நீல மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா உமக்கு அந்த மேட்டில ஏறத் துணிவு வந்திராது. நீர்தான் பிடிக்கிறீர் எண்டு நினைச்சபடியாத்தானே ஏறினனீர்." பிறகு, விளக்கு மாறும் நேரத்தில், கொஞ்சம் மெதுவாக, "நானும் வாங்கின புதுசில அப்பிடித்தான் நினைச்சனான். வித்த கமக்காரன் சொல்லும்வரைக்கும் என்ர கால்தான் எண்டு" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் விளக்கு பச்சையானதே தெரியவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். கிரேக்கத்து அம்மா அந்த மூன்றாவது சொல்லை அவனைப் பார்த்துச் சொன்னார்.

கடற்கரையில் இறங்கினால் எனக்குச் செருப்பு இல்லை. வீட்டு வாசலில் நிற்கும். கிரேக்கத்து அம்மாவும் தன்னுடையதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினார்கள். இவர் மணலில் நல்ல இடமாகப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து விரித்து உட்கார்ந்து, அப்பாடா என்று காலை நீட்டினார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அலை வந்தது, போனது. அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கரையோரமாக வீதி இன்னும் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, வளைவுக்கு அங்கால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"கடலைப் பாத்தாச்சு" என்றேன். "எழும்புங்கோ, ஏறுவம்."